உட்காரக் கற்பிக்காத பல் மருத்துவக் கல்வி

பல் மருத்துவரின் பணிக்களம் மனித உடலிலுள்ள மிகக் குறுகிய பணிக்களங்களுள் ஒன்று. வயதுவந்த ஒருவர் வாயை அகலத் திறந்தாலும் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி ஏறத்தாழ 4 முதல் 5 சென்டிமீட்டர் மட்டுமே. அதற்குள் வாய்க்கண்ணாடியும் சுழலும் கருவியும் உமிழ்நீர் உறிஞ்சும் குழாயும் இரு கைகளின் விரல்களும் ஒருசேர நுழைய வேண்டும், ஓயாமல் அசையும் நாக்கையும் கன்னத்தையும் காயம் படாமல் ஒதுக்கிவைக்க வேண்டும், கருவியின் முனையை மில்லிமீட்டரிலும் சிறிய அளவில் கட்டுப்படுத்தவும் வேண்டும். இவ்வளவையும் செய்யும்போது கண் பல்லை நெருங்கத் துடிக்கிறது. கண் போகும் இடத்துக்குத் தலை போகிறது, தலையைத் தொடர்ந்து கழுத்தும் தோளும் முதுகும் போகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் நீடிக்கும் ஒரு தொழிலில் இந்தச் சாய்வு என்ன விளைவிக்கும் என்பதைப் பல் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தே வந்திருக்கிறது. அதைத் தடுக்கும் வழியை மாணவர்களுக்கு எந்த ஆண்டில், எந்த மேசையில், யார் கற்பிப்பது என்பதில்தான் இன்னும் தெளிவு ஏற்படவில்லை.

2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஹேய்ஸும் அவருடைய குழுவினரும் பல நாடுகளில் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பல் மருத்துவத் துறையினரிடையே தசை, எலும்பு, மூட்டு சார்ந்த வலியின் பரவல் 64 முதல் 93 விழுக்காடு வரை இருப்பது தெரியவந்தது. பல் மருத்துவர்களுக்குக் கழுத்தும் முதுகும், பற்காரையை அகற்றும் ஸ்கேலிங் பணியை நாள் முழுவதும் செய்யும் பல் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கையும் மணிக்கட்டும் முதன்மையாகப் பாதிக்கப்பட்டிருந்தன. பிரிட்டனில் 1997-இல் வெளியான மற்றோர் ஆய்வு, உடல்நலக் குறைவால் உரிய வயதுக்கு முன்பே தொழிலைக் கைவிட்ட பல் மருத்துவர்களின் காரணங்களை வகைப்படுத்தியது, அதில் 29.5 விழுக்காட்டுடன் முதலிடத்தில் இருந்தவை தசை எலும்புக் கோளாறுகள்தாம், இதய நோய்கள்கூட அவற்றுக்கு அடுத்த நிலையில்தான் இருந்தன.

இந்த எண்களைக் கேட்கும் எவரும் இது நடுவயதினரின் துன்பம் என்று நினைக்கக்கூடும். ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், படிப்பு ஆண்டுகள் கூடக்கூட வலியும் கூடுவதும், மூன்றாம் ஆண்டை எட்டுவதற்குள் ஆண், பெண் இரு பாலரிலும் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கழுத்து, தோள், கீழ்முதுகு வலியைக் குறிப்பிட்டதும் பதிவாகின. ஆகவே தொழில் தொடங்கிய பின்னர் வந்து சேரும் நோயாக இதைக் கருதுவதற்கு இடமில்லை. பட்டத்துடன் சேர்த்தே கல்லூரி இதையும் கையில் கொடுத்து அனுப்புகிறது என்று சொல்வதே பொருந்தும்.

அசையாமல் இருப்பதன் விலை

வேலைக்காக மனித உடலை வளைப்பதற்கு மாறாக, உடலின் அளவுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப வேலையையும் கருவியையும் இடத்தையும் அமைக்கும் அறிவுத்துறை பணிச்சூழலியல் எனப்படுகிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய்கள் பற்றிய நூலிலேயே, உடலை இயற்கைக்கு மாறாக வைத்துக்கொண்டு வேலை செய்வோருக்கு வரும் நோய்கள் விவரிக்கப்பட்டுள்ளன. 1857-இல் போலந்து அறிஞர் வோய்ச்செக் யாஸ்த்செம்போவ்ஸ்கி இந்தத் துறைக்குப் பெயரிட்டார். ஆயினும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இத்துறையை ஏற்றுக்கொண்ட வேகத்தில் மருத்துவக் கல்வி ஏற்கவில்லை. நோயாளியின் உடலைப் பற்றிப் பேசுவதற்கே நேரம் போதாத பாடத்திட்டத்தில் மருத்துவரின் உடல் நுழைவதற்கு நெடுங்காலம் ஆனதில் வியப்பில்லை.

பல் மருத்துவரின் வலிக்குக் காரணம் கையில் தூக்கும் சுமை அன்று. ஏரோட்டர் எனப்படும் அதிவேகத் துளைகருவியின் எடை நூறு கிராமைக்கூட எட்டுவதில்லை. அவர் தூக்கி நிறுத்துவது தமது தலையையும் தமது இரு கைகளையுமே. ஒரு தசை சுருங்கியும் தளர்ந்தும் இயங்கும்போது ஒவ்வொரு தளர்விலும் குருதி உள்ளே பாய்ந்து உயிர்வளியைக் கொடுத்துக் கழிவுகளை அகற்றுகிறது. அதே தசை ஒரே நிலையில், மிக மெல்லிய அளவிலேனும், தொடர்ந்து சுருங்கியிருந்தால் உள்ளேயுள்ள நுண்குழல்கள் அழுந்திக் குருதியோட்டம் குறைந்துவிடுகிறது. இப்படி அசைவின்றித் தாங்கும் பளுவே நிலைச்சுமை எனப்படுவது. 1978-இல் ஸ்வீடன் ஆய்வாளர் பெங்ட் யான்சன் நாள் முழுவதும் நீடிக்கும் வேலைக்கு வகுத்த வரம்பின்படி, நிலைச்சுமை ஒரு தசையின் உச்ச வலிமையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தோளை ஒரு விரற்கடை உயர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்யும் மாணவருக்குத் தாம் சுமை எதையும் தூக்குவதாகவே தோன்றாது. அந்த வரம்பை அவருடைய தோள்தசை எப்போதோ கடந்திருக்கும்.

கழுத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. நிமிர்ந்த நிலையில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை, முன்னோக்கி 30 பாகை சாயும்போது கழுத்தெலும்புகளின்மேல் 18 கிலோவுக்கு ஒப்பான விசையையும், 60 பாகை சாயும்போது 27 கிலோவுக்கு ஒப்பான விசையையும் செலுத்துவதாக, 2014-இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரி ஒன்றின் வழியாகக் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தது கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களைப் பற்றி. ஆயினும் கைபேசியைக் கீழே வைத்துவிடலாம், பாதி துளைத்த பல்லை அப்படி விட்டுவிட முடியாது. முதுகைப் பொறுத்தவரை, முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுகளின் உள்ளழுத்தத்தை உயிருள்ள மனிதர்களிடமே அளந்த ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், நிற்பதைக் காட்டிலும் உட்காருவதில் அழுத்தம் கூடும் என்று கூறினார். 1999-இல் ஜெர்மனியில் ஆய்வாளர் வில்கே நடத்திய அளவீடு அந்தக் கூற்றை முழுமையாக உறுதிசெய்யவில்லை. தளர்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அழுத்தம் அவ்வளவு கூடுவதில்லை என்று அது காட்டியது. எனினும் முன்னோக்கிக் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பதில் இருவரின் அளவீடுகளும் ஒத்துப்போகின்றன, பல் மருத்துவருக்கு வேண்டிய செய்தியும் அதுதான்.

மணிக்கட்டின் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளாலும் தசைநாராலும் அமைந்த குறுகிய சுரங்கம் ஒன்றின் வழியே விரல்களை மடக்கும் நாண்களும் நடுநரம்பும் செல்கின்றன. மடங்கிய மணிக்கட்டுடன் கருவியை இறுகப் பற்றும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நாண்களின் உறைகள் தடித்து நரம்பை நெருக்குவதே கார்பல் டனல் நோய்க்குறி. கலிஃபோர்னியாவில் ரெம்பெல் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பிட்ட கருவிகளுள் 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்ட ஸ்கேலிங் கருவிக்கே மிகக் குறைந்த பிடிவிசை தேவைப்பட்டது. கல்லூரிகளின் கருவிப் பெட்டிகளில் மெலிந்த கைப்பிடியுள்ள பழைய வகைக் கருவிகள் இன்னும் இருக்கின்றன. முனை மழுங்கிய கருவியைத் தீட்டாமல் பயன்படுத்தும் மாணவர் அதே காரையை அகற்ற அதிக விசை செலுத்த வேண்டியிருக்கிறது என்பதும், இடக்கை வலக்கை வேறுபாடில்லாத மலிவுக் கையுறை பெருவிரலை ஓயாமல் பின்னுக்கு இழுக்கிறது என்பதும் எவரும் சொல்லித்தரத் தேவையில்லாத சிறு செய்திகள்போலத் தோன்றினாலும், சொல்லித்தராவிட்டால் தெரியாதவை.

நின்றவர் உட்கார்ந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல் மருத்துவம் பெரும்பாலும் நின்றபடியே செய்யப்பட்ட தொழில். 1871-இல் ஜேம்ஸ் மோரிசன் காப்புரிமை பெற்ற துளைகருவி தையல் இயந்திரம்போலக் காலால் மிதித்து இயக்கப்பட்டது. மருத்துவர் ஒரு காலில் நின்று, மறுகாலால் மிதித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியின் வாய்க்குள் பக்கவாட்டில் வளைந்து எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. பின்னர் மின்சாரம் மிதியை அகற்றியதேயன்றி நிற்பதை அகற்றவில்லை. சென்னையில் 1953-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியபோதும் அதுவே வழக்கமான முறை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது 1957-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய, காற்றழுத்தத்தால் இயங்கும் ஏரோட்டர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,00,000 சுற்றுகள் சுழலும் அதன் முனை பல்லைச் சூடேற்றும் என்பதால் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. தெளித்த தண்ணீரை உடனுக்குடன் உறிஞ்ச வேண்டியிருந்தது. உறிஞ்சுவதற்கு மற்றொருவரின் கை தேவைப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் நோயாளியை முழுவதும் படுக்கவைக்கும் சாய்வு நாற்காலிகள் சந்தைக்கு வந்தன. நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார், உதவியாளர் எதிரே உட்கார்ந்து கருவிகளை எடுத்துக் கொடுத்தார். இவ்வாறு பிறந்த முறைக்கு நான்கு கைப் பல் மருத்துவம் என்று பெயர் வந்தது. 1960-களில் அமெரிக்க அரசு, மாணவர்கள் படிக்கும்போதே உதவியாளருடன் சேர்ந்து பணிபுரியப் பழகுவதற்கென்று பல் மருத்துவப் பள்ளிகளுக்கு நிதி வழங்கியது. ஜப்பானில் குடியேறிய அமெரிக்கப் பல் மருத்துவர் டேரில் பீச், முதலில் மருத்துவரின் உடல் இயல்பாக அமர வேண்டிய நிலையை வகுத்துக்கொண்டு அதற்கேற்ப மற்ற அனைத்தையும் அமைக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்தின் அடிப்படையில் மொரிட்டா நிறுவனம் 1964-இல் ஸ்பேஸ்லைன் என்னும் சிகிச்சை அமைப்பைக் கொண்டுவந்தது.

இந்தியக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது இந்த மாற்றத்தின் பாதி மட்டுமே. சாயும் நாற்காலி வந்தது, ஏரோட்டர் வந்தது, சக்கரமுள்ள ஸ்டூல் வந்தது. எதிரே உட்கார வேண்டிய உதவியாளர் வரவில்லை. இருவருக்கென வடிவமைக்கப்பட்ட ஒரு வேலையை ஒருவர் செய்யும்போது அவருடைய உடல்தான் மற்றவரின் பங்கையும் ஈடுகட்டுகிறது. மாணவரின் வளைந்த முதுகைக் கண்டு நிமிர்ந்து உட்காரச் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மெழுகில் தொடங்கும் வளைவு

சரியான அமர்வு எது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அசைவற்ற பணிநிலைகளுக்கான ஐஎஸ்ஓ 11226 என்னும் பன்னாட்டுத் தரநெறி, உடற்பகுதியின் முன்சாய்வு 20 பாகைக்குள்ளும், தலையின் சாய்வு 25 பாகைக்குள்ளும், தாங்கலில்லாத மேற்கையின் உயர்வு 20 பாகைக்குள்ளும் இருப்பதை ஏற்கத்தக்கதாகக் கொள்கிறது. நெதர்லாந்தின் ஊன ஹோக்வெர்டா போன்ற ஐரோப்பியப் பல் மருத்துவப் பணிச்சூழலியலாளர்கள் இதைப் பல் மருத்துவத்துக்கேற்ப விரித்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தும், முழங்காலின் கோணம் 110 பாகைக்குக் குறையாமலும், பாதங்கள் தரையில் முழுவதும் பதிந்தும், முழங்கைகள் விலாவை ஒட்டியும், பல்லுக்கும் கண்ணுக்கும் இடையே 35 முதல் 40 சென்டிமீட்டர் தொலைவும், பார்வைக் கோட்டுக்கு இணையாக விளக்கொளியும் இருக்க வேண்டும் என்று விளக்கியுள்ளனர். இவற்றை ஒரு மணி நேர விரிவுரையில் சொல்லிவிடலாம். ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டால் மாணவர்கள் எழுதியும் விடுவர். பிரேசிலின் அரராகுவாரா பல் மருத்துவப் பள்ளியில் இதையே தொடர்ந்து ஆராய்ந்துவரும் குழுவினரின் ஆய்வுகள், அறிந்தவற்றைச் சிகிச்சை நாற்காலியருகே மாணவர்கள் கடைப்பிடிப்பதில்லை என்னும் இடைவெளியைப் பதிவுசெய்துள்ளன.

அந்த இடைவெளிக்குச் சோம்பலைக் காரணம் சொல்வது பிழை. உடலமர்வு என்பது அறிவில் தங்கும் செய்தியாக இல்லாமல் தசையில் படியும் பழக்கமாக இருப்பதே உண்மையான காரணம். 1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்னும் இரு உளவியலாளர்கள் விளக்கியபடி, கைத்திறன் எதுவும் மூன்று படிகளில் உருவாகிறது: முதலில் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்யும் நிலை, பிறகு பிழைகளைத் திருத்தித் திருத்திச் சேர்க்கும் நிலை, இறுதியில் எண்ணாமலே செய்யும் தானியங்கு நிலை. மூன்றாவது படியை எட்டிவிட்ட பழக்கத்தைக் கலைப்பது மிகக் கடினம். கையின் பழக்கமும் முதுகின் பழக்கமும் ஒரே பயிற்சியில், ஒரே நேரத்தில் உறைகின்றன. குனிந்தபடி துல்லியமாகப் பல் துளைக்கப் பழகியவருக்கு நிமிர்ந்தால் அந்தத் துல்லியம் தற்காலிகமாகக் குலைகிறது, மதிப்பெண் குறையும் அச்சத்தில் அவர் மீண்டும் குனிகிறார்.

பிடிஎஸ் எனப்படும் இளநிலைப் பல் மருத்துவப் படிப்பில் இந்தப் பழக்கம் நோயாளியைக் காண்பதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிடுகிறது. முதலாண்டு மாணவர்கள் பல்லின் உருவமைப்பைக் கற்பதற்காக மெழுகுக் கட்டிகளில் பற்களைச் செதுக்குகிறார்கள். லெக்ரான் கார்வர் என்னும் மெல்லிய செதுக்குக் கருவியைப் பிடித்து, மேல் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களை மெழுகில் கொண்டுவர முயலும் மாணவர், இரு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றி, மெழுகை முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்து, கூன்போட்டு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பார். மதிப்பிடப்படுவது மெழுகுப் பல் மட்டுமே. இரண்டாம் ஆண்டில் ஃபான்டம் ஹெட் எனப்படும், செயற்கைப் பற்கள் பொருத்திய பொம்மைத் தலை வருகிறது. அங்கும் ஆசிரியர் வந்து பார்ப்பது துளையின் ஆழம் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, சுவர்கள் சீராக இருக்கின்றனவா என்பதையே. பொம்மைக்குக் கழுத்து வலிக்காது என்பதால் மாணவர் அதைத் தம் பக்கம் எப்படி வேண்டுமானாலும் திருகி வைத்துக்கொள்கிறார் அல்லது அது நிற்கும் இடத்திலேயே விட்டுவிட்டுத் தம் கழுத்தைத் திருகிக்கொள்கிறார். மூன்றாம் ஆண்டில் சிகிச்சைப் பிரிவுகளில் போஸ்டிங் எனப்படும் முறைவைத்த பயிற்சி தொடங்கும்போது பழக்கம் முதிர்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது கவனிக்கத்தக்கது. பல் பிடுங்கும் பாடத்தில் கீழ்ப்பல்லுக்கு நாற்காலியை இறக்கி, பல் இருக்கும் இடம் மருத்துவரின் முழங்கைக்கு 16 சென்டிமீட்டர் கீழே வருமாறும், மேற்பல்லுக்கு நாற்காலியை உயர்த்தித் தோளுக்கு 8 சென்டிமீட்டர் கீழே வருமாறும் வைக்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஹோவின் பாடநூல் கூறும் அளவுகள் தலைமுறைகளாக வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட்டு வருகின்றன. கேட்கப்படுவதால் மாணவர்களுக்கு அவை தெரியும். நாற்காலியை உயர்த்தாமல் இடுக்கியைப் பிடித்தால் ஆசிரியர் கண்டிப்பார் என்பதும் தெரியும். உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு, அதாவது மாணவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிடப்போகும் அடைத்தலுக்கும் ரூட் கெனால் சிகிச்சைக்கும், அத்தகைய கண்டிப்பு இல்லை. தேர்வாளர் கேட்பதே கற்பிக்கப்படும் ஒரு கல்விமுறையில், அமர்வுக்கு மதிப்பெண் இல்லாமல் அமர்வைப் பற்றிய அக்கறையை எதிர்பார்ப்பது வீண்.

கண்ணாடியும் கடிகாரமும்

மாணவரின் கழுத்தைக் காப்பாற்றும் கருவிகளுள் விலை மிகக் குறைந்ததும் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் வாய்க்கண்ணாடி. மேல் கடைவாய்ப்பற்களின் கடிபரப்பையும் உட்புறத்தையும் நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் மருத்துவர் தம் தலையை ஏறக்குறைய நோயாளியின் மார்புவரை இறக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் நிமிர்ந்தபடியே பார்க்கலாம். ஆனால் கண்ணாடியில் முன்பின் மாறித் தெரிவதால், கையை முன்னே செலுத்த நினைத்தால் கருவி பின்னே போவதுபோலத் தோன்றும். மூளை இதற்குப் பழகப் பல வாரப் பயிற்சி தேவை. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு தாளில் கட்டங்களையும் வளைகோடுகளையும் வரைவது, பிறகு பொம்மைத் தலையின் மேற்பல்லில் அதே கோடுகளைப் பென்சிலால் வரைவது, அதன் பின்னரே துளைகருவியைத் தொடுவது என்னும் வரிசையில் இதைப் பழக்கலாம். பெரும்பாலான மாணவர்கள் இந்தப் படிகளைக் கடக்காமலே துளைகருவிக்கு வந்துவிடுகிறார்கள். வந்ததும் ஏரோட்டரின் தண்ணீர்த் துளிகள் கண்ணாடியை மூடிவிடுகின்றன. எதிரே உதவியாளர் இருந்தால் காற்றைப் பீய்ச்சிக் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பார். இல்லாத நிலையில் மாணவர் இரண்டொரு முறை துடைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கன்னத்தை ஒதுக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து நேராகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அடுத்தது கடிகார முறை. நோயாளியின் தலையை ஒரு கடிகார முகமாகக் கொண்டு உச்சந்தலைக்கு 12 மணி என்று வைத்தால், வலக்கை மருத்துவர் 7 முதல் 12 மணி வரையுள்ள பகுதியிலும், உதவியாளர் 2 முதல் 4 வரையிலும் அமர்வர். 4 முதல் 7 வரையுள்ள இடம் கருவிகளைக் கைமாற்றுவதற்கும் 12 முதல் 2 வரையுள்ள இடம் அசையாத பொருள்களை வைப்பதற்கும் உரியவை. ஒவ்வொரு பல்லுக்கும் ஏற்ற மணிநிலைக்கு ஸ்டூலை நகர்த்துவதே இதன் நோக்கம். இருந்தும் நாற்காலியின் தலைப்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும் சிகிச்சைக் கூடங்களில் 11, 12 மணி நிலைகளுக்குப் போகவே வழியில்லை, ஆகவே மாணவர் எல்லாப் பற்களையும் 9 மணியிலிருந்தே முறுக்கிக்கொண்டு பார்க்கிறார். கூடத்தின் வரைபடத்தைப் போட்ட கட்டடப் பொறியாளரும் ஒரு வகையில் பணிச்சூழலியல் ஆசிரியரே. வலக்கையினருக்கென வடிவமைத்த நாற்காலிகளில் இடக்கை மாணவர்கள் படும் பாடு தனிக் கட்டுரைக்குரியது; பத்தில் ஒருவர் இடக்கையர் என்னும்போது, நூறு பேர் படிக்கும் வகுப்பில் பத்துப் பேருக்கு அமர்வே நாள்தோறும் தலைகீழாக அமைகிறது. பெண்களே பெரும்பான்மையாக உள்ள வகுப்புகளில், போதிய அளவு கீழே இறங்காத ஸ்டூல்களால் பாதங்கள் தரையில் பதியாமல் நுனியில் அமர நேர்வதும் இத்தகையதே.

நோயாளியின் தலையைத் திருப்பக் கேட்பதும் கற்க வேண்டிய திறன்தான். மேற்பற்களுக்குத் தாடை மேலெழுந்து தலை பின்சாய வேண்டும், கீழ்ப்பற்களுக்குத் தாடை மார்பை நோக்கித் தாழ வேண்டும், பக்கவாட்டுத் திருப்பமும் சாய்வும் இவற்றோடு சேர வேண்டும். “நல்லா சாஞ்சு படுங்க, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, என் பக்கம் திரும்புங்க” என்று சொல்வதற்கு இளம் மாணவர்கள், அதிலும் நோயாளி முதியவராக இருந்தால், கூசுகிறார்கள். நோயாளியின் வசதியைத் தம் முதுகால் விலைகொடுத்து வாங்குகிறார்கள். கருவுற்ற பெண்களையும் மூச்சுத் திணறல் உள்ளோரையும் முழுவதும் படுக்கவைக்க முடியாது என்பது உண்மை, ஆனால் அவர்கள் விதிவிலக்குகள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து துப்பும் வழக்கம் வேறு ஒவ்வொரு முறையும் தலையின் நிலையைக் கலைத்துவிடுகிறது.

விலை கூடிய கருவிகளைப் பற்றி அளவோடு பேசினால் போதும். குதிரைச் சேண வடிவிலான இருக்கை தொடைகளைக் கீழ்நோக்கிச் சரியவிட்டு இடுப்பெலும்பை முன்னோக்கிச் சாய்ப்பதால் கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு காக்கப்படுகிறது. 2007-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 60 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான இருக்கையைவிட இதில் அமர்ந்தோருக்கு உடலமர்வின் இடரைக் காட்டும் மதிப்பெண் குறைவாக இருந்தது. பின்னர் இந்தியாவில் நடந்த ஒப்பீடும் அதே திசையைக் காட்டியது. லூப்ஸ் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் பயன், எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதைவிட அதன் குவியத்தொலைவிலும் கீழ்நோக்குக் கோணத்திலும்தான் இருக்கிறது. தொலைவு நிலையாக இருப்பதால் தலையை இறக்கினால் பல் மங்கிவிடும், ஆகவே உடல் தானே நிமிரும். கோணம் போதாத மலிவு லூப்ஸ் கழுத்தை இன்னும் வளைத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பல் சுகாதார மாணவர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, லூப்ஸைத் தொடக்கத்திலிருந்தே அணிந்தவர்களே அமர்வில் கூடுதல் பயன் பெற்றனர் என்று கண்டது. பழக்கம் உறைவதற்கு முன் தலையிட வேண்டும் என்னும் வாதத்துக்கு இதுவே வலுவான சான்று.

பதிவேட்டில் இல்லாத கைகள்

செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால் அது ஒளிப்படம். தம் அமர்வு சரியாக இருக்கிறது என்றே ஒவ்வொருவரும் நம்புகின்றனர். பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரே படம் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்ட்டிடோ என்னும் ஆசிரியர், பல் சுகாதார மாணவர்களைத் தம் படங்களைத் தாமே மதிப்பிட வைத்தபோது அமர்வும் மேம்பட்டது, தம்மைத் தாமே மதிப்பிடும் துல்லியமும் கூடியது என்று 2017-இல் எழுதினார். மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோல்களும் ஆயத்தமாகவே உள்ளன: 1993-இல் நாட்டிங்காமில் மெக்காட்டம்னியும் கார்லெட்டும் உருவாக்கிய ரூலா முறை, கை, கழுத்து, உடற்பகுதி ஆகியவற்றின் கோணங்களைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் தருகிறது, 1, 2 என்றால் ஏற்கத்தக்கது, 7 என்றால் வேலைமுறையை உடனே மாற்ற வேண்டும். சக மாணவர் கைபேசியில் எடுத்த படத்தில் தலைச்சாய்வைக் கோடிட்டு அளக்க ஒரு பாகைமானி போதும். மெழுகு செதுக்கும் மேசையிலேயே, முதலாண்டின் முதல் மாதத்திலேயே இதைத் தொடங்குவதற்குத் தடையாக இருப்பது பணமன்று.

தடையாக இருப்பவற்றுள் முதன்மையானது கோட்டா. ஒவ்வொரு பிரிவின் போஸ்டிங்கிலும் இத்தனை ஸ்கேலிங், இத்தனை அடைத்தல், இத்தனை பல் பிடுங்கல் என்று முடித்துக் கையொப்பம் பெற வேண்டிய மாணவர், நோயாளி கிடைத்தவுடன் எந்த நாற்காலி காலியோ அதில், விளக்கு பழுதாக இருந்தாலும், இடைவேளையின்றி வேலையை முடிக்கப் பார்க்கிறார். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே கழுத்தையும் தோளையும் வேலையின்போது சாய்ந்த திசைக்கு எதிர்த்திசையில் அரை நிமிடம் நீட்டிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க இயன்முறை மருத்துவர் பெத்தனி வலாச்சி 2003 முதல் எழுதிவருவது சரியானதே, ஆயினும் கையொப்பத்துக்காக வரிசையில் நிற்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, முன்னரே கூறிய உதவியாளரின்மை. எல்லா நாற்காலிக்கும் பயிற்சி பெற்ற உதவியாளரை அமர்த்த எந்தக் கல்லூரியாலும் இயலாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாற்காலியில் இரு மாணவர்களை இணையாகப் போட்டு, ஒருவர் சிகிச்சை செய்ய மற்றவர் எதிரே அமர்ந்து உறிஞ்சு குழாயையும் கண்ணாடியையும் கவனிக்க, அடுத்த நோயாளிக்கு இருவரும் இடம் மாறுவது இயலாத காரியமன்று. பல இடங்களில் நண்பர்கள் தாமாகவே இப்படி உதவிக்கொள்கிறார்கள். உதவுபவருக்கு அது கோட்டாவில் சேராது என்பதால் தம் நோயாளி வந்தவுடன் எழுந்து போய்விடுகிறார், எதிர் ஸ்டூல் மீண்டும் காலியாகிறது. பல் மருத்துவக் கல்வியின் ஒழுங்குமுறையை மாற்றியமைக்கும் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கும் நிலையில், பாடத்திட்டத்தைத் திருத்துவோர் பணிச்சூழலியல் என்று புதிய தாள் ஒன்றைச் சேர்ப்பதைவிட, மாணவரின் பதிவேட்டில் உதவியாளராகச் செய்த வேலைக்கென ஒரு நிரலைச் சேர்த்து, அதற்கும் ஆசிரியர் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தால், கண்ணாடியில் பார்த்து வேலை செய்யும் பழக்கத்துக்கும் நிமிர்ந்த கழுத்துக்கும் வேண்டிய இரண்டாவது இரு கைகள் கூடுதல் செலவின்றிக் கூடத்திலேயே கிடைத்துவிடும்.